முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு விற்றமின் ஏ குளிசை கொடுக்கலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்:

"எனது மகளுக்கு வயது 11. ஒன்பதாவது வயதில் முதலாம் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் இன்சுலின் போடுகிறோம். போன மாரி தொடங்கியதிலிருந்து அடிக்கடி தடிமனும் காய்ச்சலும் வருகின்றன. காலில் வந்த சிரங்கும் இலேசில் ஆறவில்லை. நோர்வேயிலிருந்து வந்த மச்சாள் விற்றமின் ஏ எண்ணெய்க் குளிசைப் போத்தல் ஒன்றும் மீன் ஈரல் எண்ணெயும் தந்திருக்கிறா. சலரோகத்துக்குக் காரணமே நோயெதிர்ப்புச் சக்தியின் கோளாறுதான், விற்றமின் ஏ அதைச் சீராக்கும், தொடர்ந்து கொடுத்தால் இன்சுலினைக் குறைக்கலாம் என்கிறா. ஆறு வயது மகனுக்கும் வராமல் தடுக்கக் கொடுக்கச் சொல்கிறா. கொடுக்கலாமா? இரத்தத்தில் விற்றமின் ஏ எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் உடனே அறிய விரும்பும் விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிசையை மகளுக்கும் கொடுக்க வேண்டாம், மகனுக்கும் கொடுக்க வேண்டாம். அதை நம்பி இன்சுலினை ஒரு அலகுகூடக் குறைக்க வேண்டாம். மகளுக்குத் தேவையான விற்றமின் ஏ உங்கள் வளவில் நிற்கும் முருங்கையிலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விற்கும் கரட்டிலும் முட்டையிலும் போதியளவு கிடைக்கும். ஆயினும் உங்கள் மச்சாள் சொன்னதை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது, மற்றப் பாதி எங்கே பிழைக்கிறது என்பது விளங்கினால்தான் நாளைக்கு இன்னொருவர் இன்னொரு போத்தலோடு வரும்போது நீங்கள் குழம்பாமல் இருப்பீர்கள். அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

விற்றமின் ஏக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலமாக அறியப்பட்டது. 1928ஆம் ஆண்டிலேயே கிரீன், மெலன்பி என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், இந்த விற்றமின் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் தொற்று நோய்களால் இறப்பதைக் கண்டு, இதைத் தொற்றெதிர்ப்பு விற்றமின் என்றே குறிப்பிட்டார்கள். 1980களில் அமெரிக்கக் கண் வைத்தியரான அல்பிரட் சொமர் இந்தோனேசியாவில் செய்த ஆய்வுகள் அதை மனிதரில் உறுதிப்படுத்தின. ஆச்சே மாகாணத்துக் கிராமங்களில் சிறுவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் விற்றமின் ஏ கொடுத்தபோது, கொடுக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிடுகையில் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்ததாக 1986இல் வெளியான முடிவு காட்டியது. சின்னமுத்து வந்த பிள்ளைக்கு விற்றமின் ஏ கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் இன்றும் பரிந்துரைக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் கிளினிக்கில் கொடுக்கப்படும் விற்றமின் ஏயும் இந்த அறிவிலிருந்து வந்ததுதான். உங்கள் பிள்ளைகள் இருவரின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால் அது கொடுக்கப்பட்ட திகதிகள் தெரியும்.

இவ்வளவும் கேட்டபின், குறைபாடு உள்ள பிள்ளைக்கு நன்மை செய்த மருந்து குறைபாடு இல்லாத பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக நன்மை செய்யும் என்று மனம் எண்ணுவது இயல்பு. அப்படி நடப்பதில்லை. ஆச்சேயில் உயிர் காத்தது குறையை நிரப்பிய செயல். நிரம்பிய உடலில் மேலும் ஊற்றுவதால் அந்தப் பயன் இரட்டிப்பதில்லை.

உடலில் இந்த விற்றமின் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உணவில் வரும் விற்றமின் ஏயான ரெற்றினோல், கலங்களுக்குள் ரெற்றினோயிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் கலத்தின் கருவினுள் சென்று, எந்தப் பரம்பரை அலகு வேலை செய்ய வேண்டும், எது ஓய வேண்டும் என்பதில் தலையிடுகிறது. மூக்கு, தொண்டை, சுவாசப்பை, குடல் ஆகியவற்றின் உட்படலம் ஈரமாகவும் முழுமையாகவும் இருப்பதற்கு இது வேண்டும். குறைந்தால் அந்தப் படலம் உலர்ந்து தடித்து, கிருமிகள் உள்ளே நுழைய இடம் கொடுக்கும். பிறபொருளெதிரிகள் உருவாவதற்கும் வெண்குருதிக் கலங்கள் தம் இடம் அறிந்து குடலுக்குச் செல்வதற்கும் இதே அமிலம் வழிகாட்டுகிறது. இது நோயெதிர்ப்பைத் தூண்டி எழுப்பும் பக்கம்.

அடக்கும் பக்கமும் ஒன்று உண்டு. உங்கள் மச்சாள் கேள்விப்பட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். குடலில் உள்ள ஒரு வகைக் காவற் கலங்கள் விற்றமின் ஏயிலிருந்து ரெற்றினோயிக் அமிலத்தைத் தாமே உருவாக்கி, அதன் துணையோடு ஒழுங்காக்கும் ரி கலங்கள் என்ற ஒரு வகை வெண்குருதிக் கலங்களைப் பெருக்குகின்றன என்று 2007இல் பல ஆய்வுகூடங்கள் ஒரே காலத்தில் கண்டறிந்தன. நாம் சாப்பிடும் சோற்றையும் மீனையும் எதிரியாக நினைத்து உடல் போரிடாமல் இருப்பதில் இந்த ஒழுங்காக்கும் கலங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முதலாம் வகை நீரிழிவிலோ, வேறு ரி கலங்கள் தவறாக வழிநடந்து சதையியில் இன்சுலின் சுரக்கும் பீற்றா கலங்களை அழித்துவிடுகின்றன. ஆகவே அடக்கும் கலங்களைப் பெருக்கினால் அழிவு நிற்கும் அல்லவா என்ற கேள்வி நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் அதையே கேட்டார்கள்.

1980இல் யப்பானில் அறிமுகமான ஒரு சுண்டெலி இனம் இருக்கிறது. அதற்கு மனிதரில் வருவதுபோன்ற நீரிழிவு தானாகவே வரும். அந்தச் சுண்டெலிகளுக்கு நோய் வரும் முன்னரே ரெற்றினோயிக் அமிலத்தைக் கொடுத்தபோது நோய் தாமதமானது, சிலவற்றில் வரவேயில்லை. இது உண்மை. ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது மருந்தளவிலான ரெற்றினோயிக் அமிலம். போத்தலில் உள்ளது ரெற்றினோல். கொடுக்கப்பட்ட காலம் பீற்றா கலங்கள் இன்னும் உயிரோடு இருந்த காலம். அத்துடன் அதே சுண்டெலி இனத்தில் நீரிழிவைத் தடுத்த சிகிச்சைகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றில் மனிதருக்குப் பயன்பட்டவை மிகமிகச் சில. ஆகவே சுண்டெலியில் கிடைத்த வெற்றியை உங்கள் மகளின் தட்டில் வைக்க நான் துணியமாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரெற்றினோயிக் அமிலம் எப்போதும் அடக்கும் பக்கமே நிற்பதில்லை. குடலில் ஏற்கெனவே அழற்சி இருந்து, இன்ரர்லூக்கின் 15 என்ற பதார்த்தம் கூடியிருக்கும் சூழலில், அதே அமிலம் உணவுப் புரதத்துக்கு எதிரான அழற்சியை மேலும் தூண்டியதாக 2011இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்று காட்டியது. அந்த ஆய்வு கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோயைப் பற்றியது. முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு அந்த நோய் மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாகவே வருகிறது. சூழலைப் பொறுத்து எழுப்பவும் அடக்கவும் வல்ல ஒன்றை, எந்தப் பக்கம் சாயும் என்று அறியாமல், பிள்ளைக்கு மிகையாக ஊட்டலாகாது.

இனி மகளின் இன்சுலினைப் பற்றி. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பெரும்பாலான பீற்றா கலங்கள் செயலிழந்திருக்கும். முதல் சில மாதங்களில் எஞ்சியவை கொஞ்சம் வேலை செய்வதால் ஊசியின் அளவு குறையக்கூடும். அந்தக் காலத்தில் ஏதாவது கசாயமோ குளிசையோ கொடுத்தவர்கள், அதனால்தான் குறைந்தது என்று முழுமனதோடு நம்பிவிடுகிறார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டி இரண்டு வருடமாகிறது. நோயெதிர்ப்பு முற்றாக அமைதியடைந்தாற்கூட, இன்சுலின் சுரக்கப் போதிய கலங்கள் இன்று இல்லை. விற்றமின் ஏ கொடுத்து மனிதரில் முதலாம் வகை நீரிழிவு மாறியதாகவோ இன்சுலின் தேவையற்றுப் போனதாகவோ நிரூபித்த ஆய்வு எதுவும் கிடையாது. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே குருதியில் கீற்றோன் அமிலம் சேர்ந்து உயிராபத்து வரும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வெளிநாட்டுக் குளிசையையோ நாட்டு மருந்தையோ நம்பி ஊசியை விட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரை நாங்கள் வைத்தியசாலையில் காண்கிறோம் என்பதே. அவர்களும் உங்களைப்போலப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்.

இரத்தச் சோதனை பற்றிய உங்கள் கேள்விதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. முதலாம் வகை நீரிழிவுள்ளவர்களின் குருதியில் ரெற்றினோல் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. அதைப் படித்துத்தான் பலர் குளிசை வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் குறைவு உணவில் உள்ள குறைவா? விற்றமின் ஏயின் பெரும்பகுதி ஈரலில் சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து அதை வெளியே எடுத்துச் செல்ல ஈரல் ஒரு காவிப் புரதத்தை ஆக்க வேண்டும். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தபோது குருதியில் ரெற்றினோல் குறைந்திருந்தது, ஈரலிலோ அது வழமையை விடக் கூடியிருந்தது. கிடங்கில் நெல் மூட்டை நிரம்பிக் கிடக்க, ஏற்றிச் செல்ல லொறி இல்லாததால் கடையில் அரிசி இல்லை என்பது போன்ற நிலை அது. அந்த எலிகளுக்கு விற்றமின் ஏயை மேலும் ஊட்டியும் குருதி அளவு சீராகவில்லை. இன்சுலின் கொடுத்தபோது சீரானது. மனிதரில் எல்லாம் எலியைப் போலவே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரல் புரதம் ஆக்குவதற்கு இன்சுலின் வேண்டும் என்பதும், சீனி கட்டுப்பாடின்றி இருக்கும்போது நாகம் என்ற கனியுப்பு சிறுநீரோடு கூடுதலாக வெளியேறும் என்பதும், அந்தக் காவிப் புரதத்தை ஆக்க நாகமும் தேவை என்பதும் மனிதருக்கும் பொருந்துபவை. ஆகவே உங்கள் மகளின் விற்றமின் ஏ ஈரலை விட்டுப் புறப்பட்டு உரிய இடத்தைச் சேர வேண்டுமானால், அதற்கு முதற்றேவை ஒழுங்கான இன்சுலின்.

சோதனையின் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. காய்ச்சல் அல்லது கிருமித் தொற்று இருக்கும்போது அந்தக் காவிப் புரதம் தற்காலிகமாகக் குறையும். அதனோடு ரெற்றினோலும் குறைந்து காணப்படும். தடிமன் வந்த கிழமையில் இரத்தம் கொடுத்தால் இல்லாத குறைபாடு தாளில் தெரியும். மறுபுறம், சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் அந்தப் புரதம் வெளியேறாமல் தேங்குவதால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். அவர்களுக்கு விற்றமின் ஏ குளிசை கொடுப்பது மிகவும் ஆபத்தானது. உங்கள் மகளுக்கு இப்போது அந்தச் சோதனை வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் பொருட்கள் தெரியாமல் தடுமாறுகிறாள், கண் வெள்ளையில் நுரை படிந்ததுபோன்ற திட்டு இருக்கிறது, நாட்பட்ட வயிற்றோட்டம் இருக்கிறது, மலம் எண்ணெய்ப்பசையோடு மிதக்கிறது, வயதுக்கேற்ப வளரவில்லை, அல்லது குருதிச்சோகை மாறவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது கொழுப்பும் அதில் கரையும் விற்றமின்களும் உடலில் சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். சீலியாக் நோய்க்கான இரத்தச் சோதனையும் செய்ய வேண்டும். இவற்றில் ஏதாவது உண்டா என்று கவனித்து, அடுத்த கிளினிக்கில் நீங்களாகவே சொல்லுங்கள். நெரிசலான கிளினிக்கில் வைத்தியர் கேட்க மறந்தாலும் தாய் சொல்ல மறக்கக் கூடாது. கண்ணைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: நீரிழிவு வந்து இரண்டு வருடமாகி 11 வயதை அடைந்த பிள்ளைக்கு விழித்திரைப் பரிசோதனை தொடங்கலாம். அது மாலைக்கண்ணுக்காகச் செய்யும் சோதனை அல்ல, வேறு. அதற்கும் திகதி கேளுங்கள்.

அடிக்கடி வரும் தடிமனுக்கும் ஆறாத சிரங்குக்கும் வருகிறேன். மாரி காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தடிமன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது வழமை, அது மட்டும் நோயெதிர்ப்புக் குறைவைக் காட்டாது. ஆறாத புண்தான் என்னை யோசிக்க வைக்கிறது. குருதியில் சீனி நீண்ட நேரம் உயர்ந்திருந்தால், கிருமியை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் மந்தமாகின்றன. புண் இருக்கும் இடத்துக்கு அவை வந்து சேர்வதும், வந்தபின் கிருமியைக் கொல்வதும் தளர்கின்றன. தொற்று வந்தால் சீனி மேலும் ஏறும். ஆகவே விற்றமினைத் தேடுவதற்கு முன் மகளின் குருதிச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. சோதனை எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 7 வீதத்துக்குக் கீழ். அது எட்டு, ஒன்பது என்று நின்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அது கூடி இருந்தால், காரணத்தை வீட்டிலேயே தேடத் தொடங்கலாம். மகள் ஊசி போடும் இடங்களை வெளிச்சத்தில் வைத்து, கண்ணால் பார்ப்பதோடு விடாமல் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். தொப்புளுக்கு இருபுறமோ தொடையிலோ இறப்பர்போல மெத்தென்ற தடிப்பு தட்டுப்பட்டால், பிள்ளை நோகாத ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுகிறாள் என்று பொருள். அந்தத் தடிப்பினுள் போகும் இன்சுலின் ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் உறிஞ்சப்படாது. அந்த இடத்தைச் சில மாதங்களுக்கு விட்டுவிட்டு வேறிடத்துக்கு மாறும்போது சீனி திடீரென இறங்கக்கூடும் என்பதால், மாறுவதற்கு முன் கிளினிக்கில் அளவைக் கேளுங்கள். அடுத்தது இன்சுலினை வைக்கும் இடம். சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் மேசையில் கிடந்த இன்சுலின் பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலே வீரியம் இழந்துவிடும். குளிரூட்டி இல்லாத வீட்டில், தண்ணீர் வார்த்த மண்பானைக்குள் சிறு பாத்திரத்தில் நனையாமல் வைப்பது நல்ல வழி. குளிரூட்டி உள்ள வீட்டில் உறைபெட்டியை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

சிரங்கை ஒருமுறை வைத்தியரிடம் காட்டி மருந்து எடுங்கள். காய்ச்சல் நாட்களில் பிள்ளை சாப்பிடவில்லை என்று நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. அந்த நாட்களில் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனியைப் பாருங்கள், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். 250 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் கீற்றோனைச் சோதியுங்கள். தொடர் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமான மூச்சு, வாயில் பழவாடை ஆகியவற்றில் ஏதாவது தோன்றினால் விடியும்வரை காத்திராமல் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள். இன்புளுவென்சா தடுப்பூசி நீரிழிவுள்ள பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது. அது பற்றியும் உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள். உண்மையாகவே காய்ச்சலைக் குறைக்கும் நோக்கமானால், செலவழிக்கத் தகுந்த பணம் அது.

இப்போது அந்தப் போத்தலின் லேபலைக் கையில் எடுங்கள். வெளிநாட்டு விற்றமின் ஏ குளிசைகளில் பெரும்பாலும் 10,000 சர்வதேச அலகு என்று இருக்கும். அது 3000 மைக்ரோகிராம் ரெற்றினோலுக்குச் சமன். 9 முதல் 13 வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைத் தேவை 600 மைக்ரோகிராம். தாண்டக்கூடாத உச்ச எல்லை 1700. மகனின் வயதில் தேவை 400, உச்ச எல்லை 900. ஆக ஒரு குளிசை மகளின் எல்லையை ஏறத்தாழ இருமடங்கும் மகனின் எல்லையை மூன்று மடங்குக்கு மேலும் தாண்டுகிறது. அது வளர்ந்த ஒருவரின் உச்ச எல்லைக்கே சமமான அளவு. மீன் ஈரல் எண்ணெயிலும் ரெற்றினோல் உண்டு. செறிவு குறைக்காத எண்ணெயில் ஒரு தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 1350 மைக்ரோகிராம் இருக்கும். இப்போது வரும் சில தயாரிப்புகளில் அதைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் லேபலை வாசிக்காமல் எதையும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது எந்த வகையிலும் கூடாது.

மிஞ்சிய விற்றமின் சி சிறுநீரோடு போய்விடும். விற்றமின் ஏ அப்படிப் போகாது, ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். பல மாதங்கள் இப்படிக் கொடுத்தால் தோல் உலரும், முடி கொட்டும், எலும்பு நோகும், தலையிடியும் குமட்டலும் வரும், ஈரல் பழுதடையும், மூளையைச் சூழ்ந்த அழுத்தம் கூடிப் பார்வைகூடப் பாதிக்கப்படலாம். இவற்றுள் தலையிடியையும் குமட்டலையும் நீரிழிவுக் கோளாறு என்று பிழையாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. கர்ப்ப காலத்தில் ரெற்றினோல் மிகையானால் கருவில் ஊனம் ஏற்படக்கூடும் என்பதையும், வளர்ந்துவரும் பெண்பிள்ளையின் தாய் என்ற வகையில் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பச்சை, மஞ்சள் நிறக் காய்கறிகளில் வரும் பீற்றா கரட்டீன் என்ற பொருளுக்கு இந்த ஆபத்து இல்லை, ஏனெனில் உடல் தனக்கு வேண்டிய அளவைத்தான் அதிலிருந்து விற்றமின் ஏயாக மாற்றும். உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீற்றா கரட்டீன் 1 மைக்ரோகிராம் ரெற்றினோலுக்குச் சமன் என்று கணக்கிடுவார்கள். கேட்க மிகக் குறைவாகத் தோன்றினாலும், 100 கிராம் கரட்டிலிருந்து 800 மைக்ரோகிராமுக்கு மேல் கிடைக்கும். நடுத்தரக் கரட் ஒன்று மகளின் ஒரு நாளைத் தேவையின் பெரும்பங்கை நிறைவு செய்துவிடும். முட்டை ஒன்றில் 80 மைக்ரோகிராம் அளவில் உண்டு. கோழி ஈரலில் மிக அதிகம், ஆகவே கிழமைக்கு ஒருமுறை சிறு துண்டு போதும், தினமும் வேண்டாம்.

கரட்டீன் உடலில் சேரச் சிறிது கொழுப்பும் வேண்டும். முருங்கையிலை வறையை எங்கள் வீடுகளில் செய்யும் முறையே இதற்கு ஏற்றது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, இலையை உருவிப் போட்டு, வதங்கியதும் தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டி இறக்கினால், இலையின் கரட்டீனும் தேங்காயின் கொழுப்பும் ஒரே வாயில் வந்துவிடும். மூடி வைத்து நெடுநேரம் வேகவிடாதீர்கள். இலையைக் காயவைத்துத் தூளாக்குவதானால் நிழலில் காயவையுங்கள், வெயில் கரட்டீனைச் சிதைக்கும். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, மஞ்சட் பூசணி எல்லாம் நல்லவை. கீரைகளில் மாச்சத்து மிகக் குறைவு என்பதால் சீனியைப் பற்றிய கவலையும் இல்லை. வெள்ளை வற்றாளங்கிழங்கில் கரட்டீன் அநேகமாக இல்லை, அது மாச்சத்துத்தான். பப்பாசிப்பழத்திலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்திலும் கரட்டீன் உண்டு, கூடவே சீனியும் உண்டு. மாம்பழம் 100 கிராமில் 15 கிராம் அளவு மாச்சத்து இருக்கிறது. பிள்ளைக்குப் பழத்தை மறுக்க வேண்டியதில்லை, கணக்கில் சேர்த்து இன்சுலின் போட்டால் போதும். பனம்பழக் களியின் செம்மஞ்சள் நிறமும் கரட்டீனால் வந்ததே. ஆனால் சீனியும் மாவும் சேர்த்துப் பொரித்த பணியாரத்தை விற்றமினுக்காகச் சாப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டாம். ஆசைக்குச் சாப்பிடட்டும், எத்தனை என்று எண்ணிச் சாப்பிடட்டும். கரட்டும் பூசணியும் அதிகமாகச் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளித்தால் பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது செங்கண்மாரி அல்ல.

கடைசியாக மகன். ஐரோப்பிய, வட அமெரிக்கக் கணக்குகளின்படி, முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளையின் உடன்பிறந்தவருக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்தாறு பேருக்கு என்ற அளவில்தான். நூற்றில் தொண்ணூற்று நான்கு, ஐந்து பேருக்கு வராது. மீன் ஈரல் எண்ணெய் பற்றிய பேச்சு நோர்வேயில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்திருக்கலாம். பிறந்த முதல் வருடத்தில் அந்த எண்ணெய் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடையே முதலாம் வகை நீரிழிவு குறைவாக இருந்ததாக 2003இல் அங்கே எழுதினார்கள். அதிலும் எண்ணெய் எடுத்தவர், எடுக்காதவர் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்களே தவிர, கொடுத்துச் சோதிக்கவில்லை. அந்த எண்ணெயில் விற்றமின் டியும் ஒமேகா 3 கொழுப்பும் கூட இருப்பதால் எது உதவியது, ஏதாவது உதவியதா என்று பிரித்தறிய முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தவும் இல்லை. நோய் வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவதாகச் சோதனையில் நிரூபிக்கப்பட்டு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஒன்று உண்டு. டெப்ளிசுமாப் என்ற அது, இரத்தத்தில் நோயின் அடையாளங்கள் ஏற்கெனவே தோன்றிவிட்டவர்களுக்கு மட்டும் நாளத்தினூடாக ஏற்றப்படுவது. 2022இல் அனுமதி கிடைத்தது எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. அதுவும் சராசரியாக இரண்டு வருடமளவில் பின்தள்ளுகிறதே தவிர நிரந்தரமாகத் தடுப்பதில்லை.

ஆகவே மகனுக்குக் குளிசையோ எண்ணெயோ வேண்டாம். அக்காவின் தட்டில் இருக்கும் வறையும் முட்டையும் அவனுக்கும் இருக்கட்டும். அவன் திடீரென அதிகம் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாலோ, இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ, சாப்பிட்டும் மெலிந்தாலோ, வீட்டிலுள்ள குளுக்கோமீற்றரில் அன்றே விரலில் குத்திப் பாருங்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்று மறுநாள் வரை தள்ள வேண்டாம். 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால் அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். போகும்போது அக்காவின் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.